பிள்ளை ஒரு வழி, பள்ளிக்கூடம் இன்னொரு வழி: கணக்கு நோட்டைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினாறு வருஷமாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, சமச்சீர், சிபிஎஸ்இ எல்லாம் கலந்த கூட்டம். நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் அம்மா அப்பாக்கள் கேட்பதில் பாதி, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்பதாக இருக்காது. வருகிறது, ஆனால் வேறு மாதிரி வருகிறது என்பதாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

விடை சரியாகத்தானே இருக்கிறது, ஆசிரியர் ஏன் தப்புப் போட்டிருக்கிறார்?

நோட்டைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் பார்த்த ஒரு நோட்டைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன். கணக்கு 52 − 27. அவன் எழுதியிருந்தது மூன்றே எண்கள்: 30, பக்கத்தில் 5, கீழே 25. அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அம்மாவுக்குக் கோபம். பையனோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"எப்படிப் போட்டேன்னு எனக்குச் சொல்லிக்குடுடா" என்று கேட்டேன். "மிஸ், 50ல 20 போனா 30. 2ல 7 போகாது, 5 பத்தல. அந்த 5ஐ 30லேர்ந்து குடுத்துட்டேன். 25."

அசந்துவிட்டேன். "5 பத்தல" என்று அவன் சொன்னது குறை எண். ஆறாம் வகுப்பில் 'முழுக்கள்' என்ற பெயரில் வரும் பாடம். இவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை; கையில் காசு பத்தாமல் போவது எப்படி என்று தெரியும், அதை வைத்தே போட்டுவிட்டான். எந்த எண்ணுக்கும் இந்த வழி பொருந்தும். 402 − 178 கொடுத்தேன். 300, அப்புறம் 70 பத்தல, 6 பத்தல, ஆக 76 பத்தல, 224. சரிதான்.

அப்படியானால் ஆசிரியர் செய்தது தப்பா? அங்கேதான் நான் அம்மாவோடு ஒத்துப்போகவில்லை. அன்றைக்கு வகுப்பில் நடந்த பாடம் இனமாற்றம், அதாவது நாம் கடன் வாங்கிக் கழித்தல் என்று சொல்வது. நாற்பது நோட்டைத் திருத்துகிறவர் கண்ணுக்கு 30, 5, 25 என்பது பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது போலத்தான் தெரியும். பையன் யோசித்தது சரி, எழுதியது போதாது. '50 − 20 = 30; 2இல் 7 போக 5 குறை; 30 − 5 = 25' என்று மூன்று வரியாக எழுத வைத்தேன். கீழேயே பள்ளி முறையிலும் ஒரு தடவை போடச் சொன்னேன். மறுநாள் அந்த ஆசிரியரே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சரி போட்டாராம்.

எனக்கே கணக்கு சுமார்தான். பிள்ளையின் வழி சரியா தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்றதையெல்லாம் விட இந்தக் கேள்விதான் முக்கியம். ஏனென்றால் சரியான விடை தப்பான வழியிலும் வரும்.

16/64 என்பதைச் சுருக்கச் சொன்னால், மேலே ஒரு 6, கீழே ஒரு 6, இரண்டையும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. விடை சரி! 19/95இல் 9ஐ அடித்தால் 1/5, அதுவும் சரி. 26/65, 49/98 இரண்டிலும் இதே கூத்துதான். ஈரிலக்க எண்களில் இப்படித் தற்செயலாகப் பலிக்கும் பின்னங்கள் இந்த நான்குதான். 12/24 கொடுத்துப் பாருங்கள். 2ஐ அடித்து 1/4 என்பாள். அரை என்று கண்ணுக்கே தெரிகிற பின்னம், கால் ஆகிவிடும்.

கழித்தலில் இதைவிட அதிகமாகப் பார்ப்பது, "பெரிசுலேர்ந்து சின்னதைக் கழி" என்று பிள்ளை தானாகவே போட்டுக்கொண்ட விதி. 52 − 27 கொடுத்தால் 5இல் 2 போனால் 3, 7இல் 2 போனால் 5, விடை 35. ஆனால் 58 − 23 கொடுத்தால் அதே விதியில் 35 என்று சரியாக வந்துவிடும். இரண்டு மாதம் கடன் வாங்காத கணக்காகவே போட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது.

ஆகவே நான் செய்வது இதுதான். முதலில் பிள்ளையைச் சொல்ல வைப்பேன். அப்புறம் அதே வழியில் பூஜ்ஜியம் வரும் எண் ஒன்றைக் கொடுப்பேன், 500 − 263 மாதிரி. பூஜ்ஜியத்தில் தடுக்கி விழாத வழி பெரும்பாலும் நல்ல வழியாகத்தான் இருக்கும். அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் திருப்பிக் கூட்டிப் பார்க்கச் சொல்வேன்: 237ஐயும் 263ஐயும் கூட்டினால் 500 வருகிறதா? இதற்கு நீங்கள் கணக்கில் புலியாக இருக்கத் தேவையில்லை.

கேட்கிற தொனியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. "இதை எப்படிப் போட்டே?" என்று நாம் கேட்டதும் பாதிப் பிள்ளைகள் ரப்பரை எடுத்துவிடும். தப்பாக இருந்தால்தான் பெரியவர்கள் கேட்பார்கள் என்பது அவர்கள் அனுபவம். சரியாகப் போட்ட கணக்குக்கும் அவ்வப்போது கேளுங்கள், ரப்பர் டப்பாவிலேயே கிடக்கும்.

நாங்கள் படித்த முறையில் சொல்லிக்கொடுத்தால் "எங்க மிஸ் அப்படிச் சொல்லலை" என்று அழுகிறான். என்ன செய்வது?

கொஞ்ச நாளைக்கு உங்கள் முறையை மூட்டை கட்டி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்கிறது.

என் பெரியப்பா கழித்தல் போடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். 52 − 27: "12ல 7 போனா 5. 2உம் 1உம் 3. 5ல 3 போனா 2." மேலே இருக்கும் 5ஐத் தொடவே மாட்டார், கீழே இருப்பதில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். எனக்குப் பள்ளியில் 5ஐ அடித்து 4 ஆக்கச் சொல்லித் தந்திருந்தார்கள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லி ஒரு முழு வருஷம் குழம்பினேன். பெரியவளான பிறகுதான் புரிந்தது: மேலே பத்து ஒன்றுகளைச் சேர்த்து, கீழே ஒரு பத்தைச் சேர்க்கிறார். இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடினால் வித்தியாசம் மாறாது. அழகான முறை. ஆனால் காரணத்தை அவரும் சொல்லவில்லை, பள்ளியும் சொல்லவில்லை.

இப்போது அரசுப் பள்ளிகளில் 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு, சின்ன வகுப்புகளில் குச்சிக் கட்டு, மணி, படம் என்று பொருளை வைத்து நிறைய நடக்கிறது. உங்களுக்கு அது சுற்றி வளைப்பதாகத் தெரியலாம். ஒரு பத்துக் கட்டை அவிழ்த்தால் பத்துக் குச்சி வருகிறது என்பதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு 'கடன்' என்ற சொல்லே தேவைப்படாது. (கடனைத் திருப்பித் தராத ஒரே இடம் இந்தக் கழித்தல்தானா என்று ஒரு பெண் என்னிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் பதில் இல்லை.)

பெற்றோருக்கு நான் சொல்லும் உபாயம்: உங்களுக்கு அந்த முறையைச் சொல்லித்தரும்படி பிள்ளையைக் கேளுங்கள். நீங்கள் மாணவர், அவன் மிஸ். எங்கே அவனுக்கே பிடிபடவில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விரல் விட்டு எண்ணுவதை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். "8 மனசுல, 3 விரல்ல" என்று நம் ஊர் டீச்சர்கள் காலங்காலமாகச் சொல்வது நல்ல முறைதான். 8ஐ மறுபடி ஒன்றிலிருந்து எண்ணாமல் 9, 10, 11 என்று மேலே போவது. நாலாம் வகுப்பிலும் 8ஐ முதலிலிருந்து எண்ணுகிறாள் என்றால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அபாகஸ் போகிறாள். அதிலிருந்து இடப்பக்கத்திலிருந்து கூட்டுகிறாள். பள்ளியில் திட்டு விழுகிறது.

மணி கோத்த அபாகஸ் சட்டத்தில் இடமிருந்து வலமாகத்தான் போவார்கள். 47 + 38 என்றால் 40உம் 30உம் 70, ஏழைச் சேர்த்தால் 77, அப்புறம் 8. ஒன்றாம் இடத்தில் இன்னும் 8ஐச் சேர்க்க மணிகள் இல்லை. எனவே 2ஐ எடுத்துவிட்டுப் பத்தில் ஒன்றைக் கூட்டு, 85. 8க்கு 2 'பிக் ஃப்ரெண்ட்', அதாவது சேர்ந்தால் பத்து ஆகும் ஜோடி, என்று அங்கே சொல்லித்தருவார்கள். கணக்கு சுத்தமானது. மனக்கணக்குக்கு இடமிருந்து போவதுதான் வசதியும்கூட. பெரிய தொகை முதலிலேயே தெரிந்துவிடும்.

தாளில் வரும்போதுதான் சிக்கல். மணியை நகர்த்தலாம், பேனாவில் எழுதியதை நகர்த்த முடியாது. பத்தாம் இடத்தில் 7 என்று எழுதிவிட்டு, ஒன்றாம் இடத்தில் 15 வந்ததும் அந்த 7ஐ அடித்து 8 ஆக்குகிறாள். நோட்டு முழுக்க அடித்தல் திருத்தல். பள்ளி முறை வலப்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதே இதனால்தான், எழுதிய இலக்கத்தை மறுபடி தொட வேண்டியதில்லை. இந்தக் காரணத்தைச் சொன்னால் ஆறு வயசுப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளும். "சட்டத்துல இப்படி, நோட்டுல அப்படி" என்று பிரித்துக்கொள்ள ஒரு வாரம் போதும்.

அபாகஸில் வேகம் வரும். பின்னமோ வாக்கியக் கணக்கோ அதனால் வந்துவிடும் என்று நினைத்துக் காசு கட்டாதீர்கள்.

வேத கணிதம்?

97 × 96 போடுவது பார்க்க ஜோராக இருக்கும். நூறுக்கு 3 குறை, 4 குறை. 97இல் 4 போனால் 93. மூன்றும் நாலும் பெருக்கினால் 12. விடை 9312. எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் (100 − அ)(100 − ஆ) என்று விரித்தால் இதே வந்துவிடும், மந்திரம் ஒன்றும் இல்லை. பெயருக்குக் காரணமான புத்தகம் பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் காலமான பிறகு 1965இல் வெளிவந்தது. அதில் உள்ள சூத்திரங்கள் வேதங்களில் கிடைக்கவில்லை. அது இருக்கட்டும். 43 × 68க்கு இந்தக் குறுக்குவழியில் போனால் நேர்வழியைவிட அதிக நேரம் ஆகும். எந்த எண்ணுக்கு எது என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளட்டும்.

பாட்டி சொல்லித்தந்த கால், அரை, முக்கால் கணக்கில் போடுகிறாள். பின்னம் பாடத்தில் அதை எழுதலாமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. 60இல் 3/4 எவ்வளவு என்று பள்ளியில் கேட்டால் 60ஐ 3ஆல் பெருக்கி 180, அதை 4ஆல் வகுத்து 45. பாட்டியிடம் வளர்ந்த பிள்ளை "பாதி 30, அதுல பாதி 15, சேர்த்தா 45" என்று முடித்துவிடும். முக்கால் என்ற சொல்லிலேயே மூன்று கால் இருக்கிறது. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று பாட்டிக்கு யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பின்னத்துக்கே வாய்ப்பாடு இருந்தது. கால், அரை, முக்கால் மட்டும் இல்லை. அரைக்கால் (1/8), மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரை பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் வேண்டியிருந்தது. அந்த மிச்சம்தான் பாட்டி வாயில் இருப்பது. 200 ரூபாயில் பன்னிரண்டரை சதவீதம் எவ்வளவு என்று ஏழாம் வகுப்பில் கேட்டால், அரைக்கால் தெரிந்த பிள்ளை பாதி 100, அதில் பாதி 50, அதில் பாதி 25 என்று சொல்லிவிடும். மற்றவர்கள் இன்னும் தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

எழுதலாம். '3/4 = 1/2 + 1/4' என்று ஒரு வரி முன்னால் எழுதினால் போதும், எந்த ஆசிரியரும் ஏற்றுக்கொள்வார். ஆனால் 5/7க்குப் பாட்டி உதவ மாட்டார். அங்கே பெருக்கி வகுக்கத்தான் வேண்டும்.

கடையில் நின்றால் சில்லறையை டாண் டாண் என்று சொல்கிறான். அதையே தாளில் கொடுத்தால் தப்பு விடுகிறான். ஏமாற்றுகிறானா?

இல்லை. உலகம் முழுக்கப் பார்த்த விஷயம் இது. பிரேசிலின் ரெசீஃபே நகரில் தெருவில் வியாபாரம் பார்க்கும் 9 முதல் 15 வயது வரையுள்ள ஐந்து பிள்ளைகளை டெரசின்யா நூனெஸ் என்ற ஆய்வாளரும் இரண்டு சகாக்களும் கவனித்து 1985இல் எழுதினார்கள். வண்டியருகே வாடிக்கையாளர் மாதிரி நின்று கேட்டபோது 98.2 சதவீதம் சரி. அதே கணக்குகளை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 36.8 சதவீதம். 12 வயதுப் பையன் ஒருவனிடம் 35 குரூசேரோ (அன்றைய பிரேசில் பணம்) விலையில் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று 105, இன்னும் மூன்று 210, இன்னும் மூன்று 315, ஒன்றும் சேர்த்தால் 350 என்று போனான். பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்ஜியம் போட்டால் போதும் என்ற பள்ளி வழி அவனுக்குத் தோன்றவே இல்லை.

நம் நாட்டிலும் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டவர்கள் செய்தது. சந்தைப் பிள்ளைகள் தாள் கணக்கில் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சந்தைக் கணக்கு போடச் சொன்னால் அவர்கள் திணறினார்கள். ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வந்துவிடுவதில்லை.

உங்கள் பையன் 347 ரூபாய்க்கு 500 கொடுத்தால் 3 போட்டு 350, 50 போட்டு 400, 100 போட்டு 500, மீதி 153 என்று மேலே ஏறிக்கொண்டே போகிறான். தாளில் 500 − 347 என்று பார்த்ததும் இரண்டு பூஜ்ஜியத்தில் கடன் வாங்கப் போய் மாட்டிக்கொள்கிறான். "இது கடைக் கணக்குதாண்டா, 347க்குச் சாமான், 500 குடுத்தாச்சு" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். அந்த ஏறுகிற வழியையே எண்கோட்டில் எழுதிக் காட்டலாம், எண்கோடு பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

தேர்வில் வேறு வழியில் போட்டால் மதிப்பெண் போகுமா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், மாநிலப் பாடத்திட்டமானாலும் சிபிஎஸ்இ ஆனாலும், விடைக்குறிப்பில் இல்லாத வழியாக இருந்தாலும் சரியாக இருந்தால் மதிப்பெண் தருவதுதான் நடைமுறை. படிகள் தெளிவாக இருக்க வேண்டும். விடை தப்பினாலும் படிக்கு மதிப்பெண் உண்டு. ஆனால் கேள்வியிலேயே 'வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்க', 'யூக்ளிடின் வகுத்தல் வழிமுறையைப் பயன்படுத்தி' என்று இருந்தால் அந்த முறையில்தான் போட வேண்டும். அங்கே கேட்பதே அந்த முறை தெரியுமா என்றுதான். கேள்வியை முழுசாகப் படிக்காமல் காரணிப்படுத்திவிட்டு வந்து அழுத பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

வாட்ஸ்அப் குழுவில் நோட்டைப் படம் பிடித்துப் போட்டு மட்டும் ஆரம்பிக்காதீர்கள். நேரில் போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. "இவ இப்படி யோசிக்கிறா, கொஞ்சம் கேட்டுப் பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் சொல்லட்டும்.

"புத்தகத்தில் இல்லாத முறை செல்லாது" என்று பதில் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். தேசியக் கலைத்திட்டம் 2005க்காக என்சிஇஆர்டி அமைத்த கணிதக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், அப்போது சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம். ஒரே விடை, அதற்குச் சொல்லித்தந்த ஒரே வழி என்ற கெடுபிடியிலிருந்து பள்ளிக் கணக்கு வெளியே வர வேண்டும், பல வழிகளுக்கு இடம் வேண்டும் என்று அந்தக் குழுவின் அறிக்கையே சொல்கிறது. சண்டைக்கு ஆயுதமாக வேண்டாம். நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது என்று உங்களுக்கே ஒரு தைரியம்.

வெளிநாட்டில் இருக்கிறோம். இங்கே கட்டம் போட்டுப் பெருக்குகிறார்கள், நம் முறையைச் சொல்லித்தரலாமா?

அவசரப்பட வேண்டாம், நம் முறை அங்கேயும் வரும். அமெரிக்காவின் காமன் கோர் பாடத்திட்டத்தில் கூட்டல் கழித்தலுக்கு வழக்கமான முறை நாலாம் வகுப்பில், பெருக்கலுக்கு ஐந்தாம் வகுப்பில், வகுத்தலுக்கு ஆறாம் வகுப்பில். அதுவரை கட்டம் போட்டு 23 × 14ஐ 23 × 10, 23 × 4 என்று பிரித்து 230 + 92 என்று பார்ப்பார்கள். இங்கிலாந்தில் கதை தலைகீழ்: ஆறாம் ஆண்டுத் தேர்வில் நீள்பெருக்கல், நீள்வகுத்தலில் விடை தப்பினால் வழிக்கான ஒரு மதிப்பெண், பள்ளியின் முறையான வழியில் போட்டிருந்தால்தான்.

சொந்த வழி நன்றாக இருக்கும்போது பள்ளி முறை எதற்கு?

7854 ÷ 34. ஒரு பெண் போட்டது: 34ஐ 200 தடவை எடுத்தால் 6800, மீதி 1054. 30 தடவை 1020, மீதி 34. ஒரு தடவை. ஆக 231. அவளிடம் நீள்வகுத்தலைப் பக்கத்திலேயே போட்டுக் காட்டினேன். 78இல் 34 இரண்டு தடவை, 68... "மிஸ், அந்த 68 என்னோட 6800!" என்று கத்தினாள். பூஜ்ஜியங்களை எழுதாமல் விட்ட அவள் கணக்குதான் பள்ளிக் கணக்கு. அன்றிலிருந்து அவளாகவே சுருக்க முறைக்கு வந்துவிட்டாள். தசமம் வரும்போதும், பின்னால் பல்லுறுப்புக் கோவையை வகுக்கும்போதும் அந்த முறைதான் கைகொடுக்கும்.

எல்லாம் மனசிலேயே போடுகிறான், ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறான். ராமானுஜனும் இப்படித்தானாமே?

அந்தப் பெயரை இழுக்காத அப்பா கிடையாது! ராமானுஜன் சிலேட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, நோட்டில் முடிவை மட்டும் எழுதினார். காகிதம் வாங்கக் காசில்லை. அந்த நோட்டுகளில் விட்டுப்போன படிகளை நிரப்பி புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். உங்கள் பையனின் அரையாண்டுத் தேர்வுத் தாளுக்கு அப்படி ஒருவர் வர மாட்டார்.

நான் நோட்டின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுப்பேன். மனசில் வந்த எண்களை அங்கே கிறுக்கினால் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. முதல் வாரம் இரண்டு எண் எழுதுவான். விடை தப்பும்போது அந்த ஓரத்தைப் பார்த்து எங்கே சறுக்கினோம் என்று அவனே ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால், அடுத்த வாரம் கோட்டை அவனே போட்டுக்கொள்வான்.